லைன் என்ற சொல்லும் நம் ஏழு பேர்ச்சும்



தோட்டத்து ஆளுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்கிறவர்களை ஒரு நாள் நம் பெரட்டுக்களத்துக்கு அழைத்து வரவேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கூடை எடுத்த அக்காமாரிடம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். அகராதி போட்டவர்களுக்கே தெரியாத அர்த்தங்களை அவர்கள் எடுத்துவிடுவார்கள். அந்தச் சொல் ‘லைன்’.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பீலியடியில் குடங்கள் லைனில் நிற்கும். இடையில் குடத்தைச் செருகினால் ‘லைன்ல வா’ என்று சத்தம் வரும். கெலிஓயா கடைவீதிக்கு இறங்கினால் ரயில் லைன். காற்றும் மழையும் அடித்தால் கரண்ட் லைன் அறுந்து வீடெல்லாம் இருட்டு. கொழும்பில் கடையில் நிற்கிற மகன் கோல் எடுத்தால் லைன் கிளியர் இல்லை. சம்பளக் கதை வரும்போது பார்த்து லைன் கட்டாகிவிடும். இளந்தாரி ஒருவன் எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டு கொழுந்து மடுவத்துப் பக்கம் வேலையில்லாமல் நடந்தால், அவன் யாருக்கோ லைன் போடுகிறான். அந்தச் செய்தி அவளுடைய அண்ணன்மாருக்குப் போனால் அன்றோடு அந்த லைனும் கட்.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதுமே லைனுக்கு வந்தது. பெற்றோலுக்கு ஒரு லைன், காஸுக்கு ஒரு லைன், மண்ணெண்ணெய்க்கு ஒரு லைன். கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் இரவு பகலாக ரோட்டில் கிடந்து, ‘இப்படியும் ஒரு வாழ்க்கையா?’ என்று கேட்டார்கள். நமக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருடம் மார்ச் மாதம் உணவுக்கும் மருந்துக்கும் இந்தியாவிடமிருந்து 100 கோடி டொலர் கடனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கும் பெயர் கிரெடிட் லைன். நாட்டுக்கு ஒரு லைன் கிடைத்தது என்று கொழும்பில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நாம் பரம்பரை பரம்பரையாக லைனிலேயே இருக்கிறோம், நமக்கு ஒரு டொலரும் வரவில்லை.

அதற்கு முன் கொரோனா வந்தபோது பாடசாலைகளை மூடிவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் ஒன்லைனில் படியுங்கள் என்றார்கள். சிக்னல் தேடி நம் பிள்ளைகள் மலையுச்சிக்கும் பாறைக்கும் ஏறினார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். லைனில் பிறந்த பிள்ளைக்கு ஒன்லைனில் இடமில்லை என்பதை அப்போது கண்ணால் பார்த்தோம்.

இன்னும் இருக்கிறது. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தால் ஹெட்லைன். மந்திரி சொல்கிற தேதி டெட்லைன். கட்சி சொல்கிறபடி பேசினால் கட்சி லைன். கம்பனிக் கணக்கில் கடைசியாக வருகிற இலாபம் பாட்டம் லைன். வேலைநிறுத்தத்தின்போது தோட்ட வாசலில் நிற்பது பிக்கெட் லைன்.

இத்தனை லைனுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. எல்லாமே ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்துக்குப் போகும். ரயில் லைன் பதுளைக்குப் போகும். கரண்ட் லைன் வீட்டுக்கு வரும். பீலியடி லைன்கூட மெல்ல மெல்ல நகர்ந்து தண்ணீருக்குப் போய்ச் சேரும். எங்கேயும் போகாத லைன் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் நாம் குடியிருக்கிறோம்.

நிரையும் லைனும்

நம் வாயில் நுழையும்போது லைன் லயன் ஆகியது, பிறகு லயம் ஆகியது. சிங்களத் தோழர்கள் லைமக் என்றும் லைம் காமரக் என்றும் சொல்வார்கள். மலேசியத் தோட்டங்களிலும் நம் சொந்தக்காரர்களுக்கு அது லயத்து வீடுதான். லயன் என்று எழுதினால் தமிழ்நாட்டில் இருக்கிற உறவுக்காரர் சிங்கம் என்று நினைப்பார். சிங்கத்தின் குகையில் குடியிருக்கிற வீரப் பரம்பரை என்று பெருமைப்படவும் கூடும். லயம் என்று எழுதினால் பாட்டுக் கற்றவர் சுருதியும் லயமும் என்று தலையாட்டுவார். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் தாத்தாவும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தத்தில் சுருதி எது, லயம் எது என்று அவர் வந்து கேட்டுச் சொல்லட்டும்.

லாயம் என்று இன்னொரு சொல் தமிழில் இருக்கிறது. குதிரை கட்டுகிற இடம். துரையின் குதிரைக்கு லாயம், தொழிலாளிக்கு லயம். எழுத்தில் பார்த்தால் ஒரு கால்தான் வித்தியாசம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுக்கிறார்களே, அதற்கு நாம் லைன் என்று சொல்வதில்லை. நிரை என்கிறோம். ‘நெரை புடிச்சாச்சா?’ என்றுதான் கேட்கிறோம். அதே வரிசைதான், ஆனால் அதற்கு நம் பாட்டிமார் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. உழைக்கிற வரிசைக்குச் சொந்தப் பெயர் வைத்த மக்கள், குடியிருக்கிற வரிசைக்கு மட்டும் வெள்ளைக்காரன் வைத்த பெயரை ஏன் விட்டுவைத்தார்கள்? நிரை அவர்கள் கையில் இருந்தது. அதில் எந்தச் செடி முற்றியது, எந்தச் செடியில் அரும்பு வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். லைன் அவர்கள் கையில் இருக்கவில்லை. வேறொருவன் சொத்துக்கு வேறொருவன் பெயர் வைத்தான், அவ்வளவுதான்.

சிவில் லைன், கூலி லைன்

அந்தப் பெயர் பட்டாளத்திலிருந்து வந்தது. சிப்பாய்களை வரிசையாகக் குடியமர்த்திய இடத்துக்கு வெள்ளைக்காரன் லைன்ஸ் என்று பெயர் வைத்தான். காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணுகிற இடத்துக்குப் பரேட் என்றான். அந்தப் பரேட்தான் நம் பெரட்டு என்பார்கள். சத்தம் கொடுத்து எழுப்புவது, வரிசையில் நிறுத்துவது, எண்ணுவது, வேலைக்கு அனுப்புவது, திரும்ப வரிசையில் அடைப்பது. தோட்டத்தை ஒரு பட்டாள முகாம் போலத்தான் கட்டினார்கள். சிப்பாய்க்காவது பென்ஷன் வாங்கிக்கொண்டு போக ஒரு சொந்த ஊர் இருந்தது.

இந்தியாவில் டில்லி, அலகாபாத், கான்பூர் போன்ற நகரங்களில் சிவில் லைன்ஸ் என்ற பெயரில் இன்றும் பகுதிகள் இருக்கின்றன. அங்கே வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் தோட்டமும் தாழ்வாரமும் வைத்த பெரிய பங்களாக்களில் வாழ்ந்தார்கள். அதே அரசாங்கம், அதே சொல். அங்கே சிவில் லைன், இங்கே கூலி லைன். முன்னால் நின்ற ஒரு சொல்தான் பங்களாவையும் காம்பராவையும் பிரித்தது. பிற்காலத்தில் கூலி என்ற சொல்லை மரியாதைக்காக எடுத்துவிட்டார்கள். லைனை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கதையையே பார்ப்போம். 1867ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்த ரயில். அதே 1867இல்தான் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1874இல் ரயில் லைன் நம் கெலிஓயாப் பக்கத்தைக் கடந்து நாவலப்பிட்டிக்குப் போனது. 1924இல் பதுளையைத் தொட்டது. கோப்பி செத்தது, தேயிலை வந்தது. பெட்டி மாறியது, எஞ்சின் மாறியது. ரயில் லைனைப் பராமரிக்க ஒரு திணைக்களம் இருக்கிறது. ஒரு ஆணி கழன்றாலும் ஆள் அனுப்புவார்கள். ஆள் லைனில் தகரம் பறந்தால் யாரை அனுப்புவார்கள்? தோட்ட ஒபிசுக்குப் போனால் பிரதேச செயலகத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் கம்பனியைக் காட்டுவார்கள். கம்பனி அரசாங்கத்தைக் காட்டும். காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனியுடையது, ஒழுகுகிற கூரை மட்டும் நம்முடையது.

பெயரைக் கீறிய கோடு

லைனைத் தமிழில் கோடு என்றும் சொல்லலாம். நம் சரித்திரத்தில் கோடு போட்டவர்கள் நிறையப் பேர்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். நம் வாக்குக்கு எவ்வளவு பலம் என்று அப்போதுதான் கொழும்புக்குத் தெரிந்தது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி, வாக்காளர் இடாப்பிலிருந்து நம் பெயர்களைக் கோடு போட்டு அடித்தார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று எண்ணிப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அந்தக் கோடு எத்தனை காம்பராவுக்கு நடுவால் போனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. தோட்டங்களை அரசு எடுத்தது நல்ல காரியம் என்று கைதட்டினோம். ஆனால் நம் கண்டி மாவட்டத்தில் என்ன நடந்தது? பல தோட்டங்கள் துண்டு துண்டாகின. பிரித்துக் கொடுத்த காணியில் நமக்குப் பங்கில்லை. லைனை விட்டு விரட்டப்பட்ட குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காட்டை வெட்டினார்கள். அவர்களில் ஒருவர் கையிலாவது ‘இது என் வீடு’ என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருந்திருந்தால் அவ்வளவு லேசாக விரட்டியிருக்க முடியுமா? 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சூடுபட்டு விழுந்ததும் காணிக்காகத்தான். 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிடுங்க விடமாட்டோம் என்று நின்ற போராட்டம் அது. 7,000 ஏக்கரைக் காக்க உயிர் கொடுத்த மக்களுக்கு இன்று 7 பேர்ச் கொடுக்கக் கை நடுங்குகிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புக்குப் பிரதேச சபை செலவழிக்க முடியாதபடி அது குறுக்கே நின்றது. சபைக்கு நாம் வாக்குப் போடலாம், நம் ஆளே உறுப்பினராக வரலாம். ஆனால் லைனுக்குப் போகிற பாதையில் ஒரு கல் பதிக்க வேண்டுமென்றால் சட்டம் இடம் கொடுக்காது. 31 வருடம் போராடி 2018இல்தான் அதைத் திருத்த முடிந்தது. நாடும் அதன் சட்டமும் வந்து நிற்கிற எல்லை எதுவென்றால், அது நம் லயத்து வாசல்தான்.

பெயரை மாற்றினால் போதுமா?

இப்போது சில படித்த நண்பர்கள் ஒரு புது யோசனை சொல்கிறார்கள். லைன் என்ற சொல்லே இழிவு, அதை விட்டுவிடுங்கள், கிராமம் என்று சொல்லுங்கள், புரம் என்று பெயர்ப்பலகை போடுங்கள் என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை மழைக்கு ஒழுகாதா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது அழகான பெயரா, போய்க் குடியிருக்க வேறொரு காணியா?

கம்பனிக்காரர்கள் வேறொரு பாட்டுப் பாடுவார்கள். சம்பளம் கேட்கப் போனால், வீடு இலவசம், தண்ணீர் இலவசம், அதையெல்லாம் கூட்டிப் பாருங்கள் என்பார்கள். கூட்டித்தான் பார்ப்போம். காம்பரா 120 சதுர அடி. அதற்குப் பின்னால் கோழிக்கூடு போட அனுமதி கேட்க வேண்டும். மகனுக்குக் கலியாணம் முடித்து ஒரு அறை இறக்க அனுமதி கேட்க வேண்டும். அடகு வைத்துக் கடன் எடுக்க முடியாது. விற்க முடியாது. பிள்ளைக்கு எழுதிக்கொடுக்க முடியாது. இப்படிப்பட்ட ஒன்றை உலகத்தில் யாரும் வீடு என்று கணக்கில் எழுதுவதில்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்த 1,350க்கும் கம்பனிகள் எவ்வளவு மூக்கால் அழுதன என்று உங்களுக்குத் தெரியும். தங்கள் பாட்டம் லைன் அடிபடும் என்றார்கள். நம் லைனின் அடி இற்றுப்போனதை ஒரு கணக்கிலும் காணவில்லை.

அனுமதி இல்லாமல் அறை இறக்கினால் என்ன நடக்கும்? 2023ஆம் ஆண்டு, நம் மக்கள் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் அந்த நடை முடிந்தது. மேடையில் எல்லோரும் நம்மைப் புகழ்ந்தார்கள். அதே மாதம், அதே மாத்தளை மாவட்டத்தில், ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர் உடைத்த காட்சியை நாடே பார்த்தது. 200 வருடம் இருந்தவன் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தால் அத்துமீறல் ஆகிவிடுகிறது. உடைத்தவரை மட்டும் திட்டி என்ன பயன்? உடைக்கலாம் என்ற துணிவு அவருக்குக் கடதாசியிலிருந்து வருகிறது. கடதாசி அந்தப் பக்கம் இருக்கிறது.

தலைவர்மாரும் டெட்லைன் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்றார்கள், கொஞ்சம் எழும்பியது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் வந்தன, நன்றி. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மேடையில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நாம்தான் அதிகமாகக் கைதட்டினோம். அந்தப் பத்தாயிரத்தில் முதல் தொகுதிக்கு அடிக்கல் விழவே 2024 ஆகிவிட்டது. வீடு கிடைத்தவர்களிலும் எத்தனை பேர் கையில் உறுதி இருக்கிறது என்று கேட்டால், மேடையில் இருப்பவர்களுக்கு லைன் கட்டாகிவிடுகிறது.

நமக்கு வேண்டிய கோடு

ஆகவே, தோழர்களே, லைன் என்ற சொல்லோடு நமக்குச் சண்டை இல்லை. நம் பிள்ளைகள் தாராளமாக லைன் போடட்டும், லைன் கிளியராகக் கதைக்கட்டும். நமக்கு வேண்டியது இன்னொரு லைன். சர்வேயர் சங்கிலி பிடித்து, மூலைக்கு மூலை கல் நட்டு, பிளானில் சிவப்பு மையால் போடுகிற எல்லைக்கோடு. அதற்குள்ளே இலக்கம், இலக்கத்துக்குப் பக்கத்தில் நம் பெயர். 200 வருடத்தில் எத்தனையோ கோடு போட்டார்கள், எல்லாம் நம்மை வெளியே வைக்கப் போட்டவை. நம்மை உள்ளே வைத்து ஒரு கோடு போடும்படி கேட்கிறோம்.

அந்தக் கோடு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவோம்.

ஒன்று. ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டையும், ஒரு மரவள்ளிச் செடியையும், ஒரு கோழிக்கூட்டையும் தாங்கும். அதிலிருந்து ஒரு அடியும் குறையக்கூடாது. லைனை நிமிர்த்தி வைத்து மாடி வீடு என்று கொண்டுவந்தால், மாடிப்படி ஏறி மறுபடியும் லைனுக்குத்தான் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு. உறுதியில் பெண்களின் பெயர் இருக்க வேண்டும். இந்த நாட்டுத் தேயிலைக் கொழுந்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் வந்தது. நிரை பிடித்தவளின் பெயர் செக்ரோலில் இருக்கிறது, காணியில் மட்டும் ஏன் இருக்கக்கூடாது? பென்ஷன் வயதானவர்களுக்கும், தோட்டத்தில் பெயர் பதியாமல் வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதே உரிமை வேண்டும். குடியிருந்தவர்களுக்கே குடியிருப்பு.

மூன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் பாதைக்குப் பெயரும் வேண்டும். இன்று ஒரு தோட்டப் பிரிவு முழுவதற்கும் ஒரே விலாசம். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒபிசு மேசையில் கிடந்து, பரீட்சை முடிந்தபிறகு கையில் கிடைத்த பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கிறார்கள். தபால்காரர் வாசலுக்கு வர வேண்டும்.

நான்கு. மண்சரிவு அபாயம் உள்ள லயங்களிலிருந்து முதலில் ஆட்களை எடுக்க வேண்டும். எடுத்து, கூடாரத்தில் விடாமல், பாதுகாப்பான காணியில் அளந்து கொடுக்க வேண்டும்.

1940 ஜனவரியில் இதே கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுடப்பட்டார். அப்போது நம்மிடம் வாக்கும் ஒழுங்காக இல்லை, சட்டமும் நம் பக்கம் இல்லை. இருந்தும் லைன் கலையாமல் நின்றார்கள். இன்று நம்மிடம் வாக்கு இருக்கிறது, சங்கம் இருக்கிறது.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதமே ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் பிரிவில் எத்தனை லயம், எத்தனை காம்பரா, ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம், எந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எவர் கையில் உறுதி இருக்கிறது, எவர் கையில் இல்லை என்று காம்பரா காம்பராவாக எழுதுங்கள். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்துக்கு, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு. கையொப்பமிட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தக் கொப்பியை முதலில் அவர் கையில் கொடுங்கள். சர்வேயர் எந்தத் திகதிக்கு வருவார் என்று கேட்டு, அந்தத் திகதியை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.